வழி மாறிய நாளங்களும் வயிற்றுப் பெருநாடி வீக்கமும்



கொழும்பிலிருந்து பதுளைக்குச் செல்லும் புகையிரதம் நாவலப்பிட்டியைக் கடந்து மலையேறத் தொடங்கியபின், கலபொடைக்கு அடுத்து வரும் நிலையம் வட்டவளை. அங்கே மழை பெய்யாத நாளைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி, ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையைக் கொட்டிவிட்டுப் போகும் இடம் அது. அத்தனை நீரும் தேயிலைச் செடியின் வேர்மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருப்பதற்குக் காரணம், சரிவெங்கும் வெட்டப்பட்டிருக்கும் கான்களே. கான் வெட்டிப் பழகிய ஒரு தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். கரை ஒரே நாளில் உடைவதில்லை என்பார். முதலில் ஓரிடத்தில் மண் இளகும். அவ்விடம் வெளிப்பக்கமாகச் சற்றே பிதுங்கும். பிதுங்கியது நாளுக்கு நாள் பெருக்கும். பிறகு ஒரு மழை இரவில் எல்லாம் முடிந்துவிடும்.

நம் ஒவ்வொருவர் வயிற்றுக்குள்ளும் அத்தகைய ஒரு வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் பெருநாடி. இருதயத்திலிருந்து புறப்பட்டு, கைத்தடியின் பிடிபோல் வளைந்து, முதுகெலும்பின் முன்புறமாகக் கீழிறங்கி, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டைக் கடந்து வயிற்றுக்குள் நுழைகிறது. வழியிலே இரைப்பைக்கும் ஈரலுக்கும் குடலுக்கும் கிளைகள் கொடுக்கிறது. வலத்துக்கொன்று, இடத்துக்கொன்றாகச் சிறுநீரகங்களுக்கு இரு கிளைகளை அனுப்புகிறது. ஏறத்தாழத் தொப்புளின் மட்டத்தில் இரண்டாகப் பிளந்து இரு கால்களுக்கும் போகிறது. வயிற்றுப் பகுதியில் அதன் குறுக்களவு சுமார் 2 சென்ரிமீற்றர், அதாவது நம் பெருவிரலின் பருமன் என்று கொள்ளலாம்.

இந்தக் குழாயின் சுவர் தளர்ந்து ஓரிடத்தில் புடைத்துக்கொள்வதைத்தான் வைத்தியர்கள் ‘அனியூரிசம்’ என்கிறார்கள். நாம் பெருநாடி வீக்கம் என்போம். குறுக்களவு 3 சென்ரிமீற்றரை எட்டிவிட்டால் அது வீக்கம் எனக் கொள்ளப்படும். பெரும்பாலானவை சிறுநீரகக் கிளைகளுக்குக் கீழே, பெருநாடி இரண்டாகப் பிளப்பதற்கு முன்னே தோன்றுகின்றன. குழாய் எவ்வளவுக்கெவ்வளவு அகலுகிறதோ அவ்வளவுக்கு அதன் சுவரின்மீது இழுவிசை கூடுகிறது. சுவரோ மெலிந்துகொண்டே போகிறது. ஆகையால் வீங்கியது மேலும் வீங்கும். தானாகச் சுருங்கிய வரலாறு இல்லை.

இந்நோய் யாருக்கு வருகிறது? அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஆண்களுக்கே மிகுதி. புகைபிடிப்பவர்களுக்கு அதனினும் மிகுதி. பீடியானாலும் சுருட்டானாலும் சிகரெட்டானாலும் பெருநாடிச் சுவருக்கு எல்லாம் ஒன்றுதான். உயர்ந்த இரத்த அழுத்தமும், தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் இருந்த வரலாறும் ஆபத்தைக் கூட்டும்.

இனி, வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு முதியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் பேச்சுக்காக நாம் படைத்துக்கொண்ட மனிதர் அவர், பெயர் தேவையில்லை. வயது 68. சிறிய உடல்வாகு. பதினான்கு வயதில் பெரட்டுக் களத்தில் நின்ற நாளிலிருந்து பீடி பழக்கம். இரவில் லயத்துக் காம்பிராவில் மல்லாந்து படுத்திருக்கும்போது, தொப்புளுக்குச் சற்று மேலே ஏதோ துள்ளுவதாக உணர்கிறார். தோட்டத்து வைத்தியரிடம் போய், “ஐயா, வயித்துக்குள்ள இன்னொரு நெஞ்சு அடிக்கிற மாதிரி இருக்குங்க” என்கிறார். வைத்தியர் கையை வைத்துப் பார்க்கிறார். அங்கே கைக்கடங்காத ஒரு கட்டி, நாடித் துடிப்போடு சேர்ந்து விரிந்து சுருங்குகிறது. “தாத்தா, இது வாயுக் கோளாறு இல்ல. நீங்க உடனே ஸ்கான் எடுக்கணும்” என்று சீட்டெழுதிக் கொடுக்கிறார்.

இம்முதியவர் நற்பேறு உடையவர் என்றே சொல்லவேண்டும். இந்நோய் உடையவர்களுட் பலருக்கு இத்தகைய அறிகுறிகூடத் தோன்றுவதில்லை. வேறொரு காரியத்துக்காக வயிற்றை ஸ்கான் செய்யும்போது தற்செயலாகத் தெரியவரும். அல்லது உடைந்தபின்தான் தெரியவரும். உடைந்தால் பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் இறந்துவிடுகிறார்கள். அவர்களுட் பெரும் பகுதியினர் வைத்தியசாலையின் வாசலைக்கூடக் காண்பதில்லை.

நம் முதியவரின் வீக்கம் 6 சென்ரிமீற்றர் என்று ஸ்கான் சொல்கிறது. ஆண்களில் 5.5 சென்ரிமீற்றரை எட்டும்வரை காத்திருந்து கண்காணித்தாற் போதும். அதற்கு மேற்பட்டால் சத்திரசிகிச்சையைப் பற்றி எண்ணவேண்டும் என்பது இப்போதைய வழக்கு. 1998ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வெளியான ஓர் ஆராய்ச்சி, 4 சென்ரிமீற்றருக்கும் 5.5 சென்ரிமீற்றருக்கும் இடைப்பட்ட வீக்கங்களை அவசரப்பட்டு அறுப்பதனால் ஆயுள் கூடுவதில்லை எனக் காட்டியது. பெண்களுக்கு வீக்கம் சிறிதாயிருக்கும்போதே உடைவதால், அவர்கள் விடயத்தில் 5 சென்ரிமீற்றரையே எல்லையாகக் கொள்கிறார்கள். இவ்விடத்தில் எனக்கொரு கருத்து உண்டு. இந்த அளவுகள் பெரும்பாலும் மேல்நாட்டு ஆண்களை அளந்து பெறப்பட்டவை. சிறிய உடல்வாகுடைய நம் மலையக மக்களின் பெருநாடி இயல்பிலேயே ஒடுங்கியது. ஒன்றரைச் சென்ரிமீற்றர் குழாய் ஐந்தாகப் பெருப்பதும், இரண்டரைச் சென்ரிமீற்றர் குழாய் ஐந்தாகப் பெருப்பதும் ஒன்றாகா. அளவுகோலை மட்டும் பாராமல் ஆளையும் பார்க்கவேண்டும்.

சத்திரசிகிச்சை என்றால் என்ன செய்வார்கள்? அதை விளங்கிக்கொள்ளச் சிறிது வரலாறு வேண்டும். 1817இல் லண்டன் மாநகரில் அஸ்லி கூப்பர் என்னும் சத்திரவைத்தியர், அடிவயிற்று நாடியொன்று வீங்கிக் கசிந்துகொண்டிருந்த ஒரு சுமைக்காரருக்குப் பெருநாடியையே நூலால் கட்டிவிட்டார். நோயாளி சுமார் நாற்பது மணிநேரம் உயிரோடிருந்தார். அதன்பின் நூறாண்டுகளுக்கு மேலாக வைத்தியர்கள் கட்டிப் பார்த்தார்கள். உள்ளே கம்பிச் சுருளைச் செலுத்திப் பார்த்தார்கள். வெளியே உறையிட்டும் பார்த்தார்கள்.

உறையிடப்பட்டவர்களுள் உலகம் அறிந்த ஒருவர் அல்பேர்ட் ஐன்ஸ்டீன். 1948 டிசம்பரில் நியூயோர்க் நகரின் புரூக்லின் பகுதியில், ருடோல்ஃப் நிஸென் என்னும் வைத்தியர் அவர் வயிற்றைத் திறந்தபோது, பெரியதொரு தோடம்பழ அளவில் பெருநாடி வீங்கியிருக்கக் கண்டார். அதை வெட்டி நீக்க அக்காலத்தில் வழியில்லை. செலோபேன் தாளினால் அதைச் சுற்றினார். அந்தத் தாள் உடலை உறுத்த, சுற்றிலும் தழும்புத் திசு வளர்ந்து வீக்கத்துக்கு ஒரு வேலிபோல் அமையும் என்பது எண்ணம். அந்த வேலி ஆறாண்டுகளுக்கு மேல் தாங்கியது. 1955 ஏப்ரலில் வீக்கம் கசியத் தொடங்கியபோது புதிய சத்திரசிகிச்சை பிறந்திருந்தது. ஆயினும் ஐன்ஸ்டீன் அதை ஏற்க மறுத்தார். அம்மாதம் 18ஆம் நாள், தம் 76ஆம் வயதில் பிரின்ஸ்டன் நகர வைத்தியசாலையில் காலமானார். அவர் மறுத்தது சரியா, தவறா என்று நாம் தீர்ப்புச் சொல்லவேண்டியதில்லை. மறுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்; நம் வட்டவளை முதியவருக்கும் அதே உரிமை உண்டு.

அந்தப் புதிய சத்திரசிகிச்சை பாரிஸ் நகரில் பிறந்தது. 1951 மார்ச் 29ஆம் நாள் சார்ல் துபோஸ்த் என்னும் பிரெஞ்சு வைத்தியர், வீங்கிய பெருநாடியை வெட்டி நீக்கி, இறந்த ஓர் இளம்பெண்ணின் உடலிலிருந்து எடுத்துப் பேணிவைத்திருந்த பெருநாடித் துண்டை அவ்விடத்தில் தைத்து வெற்றி கண்டார். இறந்தவர் நாடியை எப்போதும் தேடிக்கொண்டிருக்க முடியுமா? அமெரிக்காவில் ஆர்தர் வூரீஸ், விலங்கொன்றின் இருதயத்தில் விட்டுப்போன பட்டுநூலின்மேல் மெல்லிய பூச்சு படர்ந்திருந்ததைக் கண்டு, துணிக்குழாயே போதுமே என்று எண்ணினார். ஹூஸ்டன் நகரத்து மைக்கல் டிபேக்கியோ கடையில் டெக்ரோன் துணி வாங்கி, தம் மனைவியின் தையல் இயந்திரத்திலே குழாய் தைத்தார். சிறுவயதில் தாயாரிடம் கற்ற தையல் அவருக்குக் கைகொடுத்தது. இன்றும் உலகெங்கும் இச்சத்திரசிகிச்சைக்குப் பயன்படும் குழாய்களுட் பெரும்பாலானவை அந்த டெக்ரோன் இனத்தைச் சேர்ந்தவையே.

நிகழும் முறை இதுதான். வயிற்றைத் திறந்து குடலை ஒருபுறம் ஒதுக்குவார்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுப்பார்கள். சிறுநீரகக் கிளைகளுக்குச் சற்றுக் கீழே, வீக்கம் தொடங்குவதற்கு முன்னுள்ள நல்ல பகுதியில் ஒரு கவ்வியைப் போடுவார்கள். அந்தப் பகுதிக்கு வீக்கத்தின் ‘கழுத்து’ என்று பெயர். கீழே கால்களுக்குப் போகும் இரு கிளைகளிலும் கவ்வி போடுவார்கள். பின்னர் வீக்கப் பையைப் பிளந்து, உள்ளே படிந்துள்ள உறைகட்டியை வழித்தெடுத்து, துணிக்குழாயை மேலும் கீழும் தைத்து, பழைய பையையே அதன்மேல் போர்வைபோல் மூடித் தைத்துவிடுவார்கள். மேட்டுக் கானை அடைத்துவிட்டு, நடுவே உடைந்த பகுதிக்குப் பதிலாகக் குழாய் பதிப்பது போன்ற வேலைதான். ஆனால் இங்கே நீரை நெடுநேரம் நிறுத்திவைக்க முடியாது.

இதுவரை நான் சொன்னது, பாடநூலில் வரைந்திருப்பதுபோலவே உடலமைப்பு இருப்பவர்களின் கதை. மனித உடல் பாடநூலைப் படித்துவிட்டு உருவாவதில்லை. கருவில் நாளங்களும் உறுப்புகளும் இடம்பெயர்ந்து, இணைந்து, மறைந்துதான் நிலைபெறுகின்றன. அந்தப் பயணத்தில் சிலருக்கு வழி மாறிவிடும். மாறியதனால் அவர்களுக்கு யாதொரு குறையும் தெரியாது; கொழுந்து பறிப்பார்கள், மலையேறுவார்கள், பிள்ளை பெறுவார்கள். பெருநாடியை அறுக்க நேரும் அந்த நாளில்தான் அந்த மாற்றம் உயிருக்குலை வைக்கிறது.

இடப்பக்கச் சிறுநீரகத்திலிருந்து வரும் நாளம், பெருநாடியின் முன்புறமாகக் குறுக்கே சென்று வலப்பக்கத்துப் பெருநாளத்தில் சேர்வது இயற்கை. நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு அது பெருநாடியின் பின்னால் செல்கிறது. சத்திரவைத்தியர் முன்னே நாளத்தைத் தேடுகிறார், காணவில்லை. இடம் காலியாக இருக்கிறதென்று நம்பிக் கழுத்தைச் சுற்றி விரலையோ கவ்வியையோ பின்புறமாகச் செலுத்தினால், கண்ணுக்குப் புலப்படாமல் அங்கே ஒளிந்திருக்கும் நாளம் கிழிந்துபோகும். பெருநாடிக்கும் முதுகெலும்புக்கும் இடையே பெருக்கெடுக்கும் அந்தக் குருதியை அடக்குவது எவ்வளவு கடினம் என்பதைப் பட்டவர்களே அறிவர். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பின்புறத்தைத் தொடாமலே, முன்னிருந்து பின்னாகக் கவ்வியை நேரே இறக்கி வேலையை முடித்துவிடலாம்.

வலப்பக்கம் இருக்கவேண்டிய கீழ்ப்பெருநாளம் இடப்பக்கம் ஏறி வருபவர்களும் உண்டு. ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து பேர்வரை இருக்கலாம். அவர்களுக்கு அந்தப் பெருநாளம் சிறுநீரகங்களின் மட்டத்துக்கு வந்ததும் பெருநாடியைக் குறுக்காகக் கடந்து வலப்பக்கம் போகிறது. எந்தக் கழுத்தில் கவ்வி போடவேண்டுமோ அதே கழுத்தின்மேல் அது சால்வைபோல் கிடக்கும். இரண்டு பெருநாளம் உடையவர்களும் இருக்கிறார்கள். உறுப்புகள் யாவும் கண்ணாடியிற் பார்ப்பதுபோல் வலம் இடமாக மாறி அமைந்தவர்கள் மிகச் சிலர். அவர்களுக்கும் இந்நோய் வந்து சத்திரசிகிச்சை நடந்ததுண்டு.

நம் முதியவருக்கு வருவோம். ஸ்கான் எடுத்தவர் ஓர் ஐயத்தைக் குறித்துவைத்திருக்கிறார். பெரிய வைத்தியசாலையில் சீ.ரீ. படம் எடுக்கிறார்கள். படத்தைப் பார்த்த சத்திரவைத்தியர் புருவத்தை உயர்த்துகிறார். முதியவருக்குச் சிறுநீரகம் இரண்டல்ல. இரண்டும் கீழ்முனையில் ஒட்டிக்கொண்டு குதிரை லாடம்போல் ஒன்றாக இருக்கிறது. அந்த ஒட்டுப்பாலம் நேரே வீக்கத்தின் முன்னால் கிடக்கிறது!

குதிரைலாடச் சிறுநீரகம் அத்தனை அபூர்வமானதன்று. நானூறு முதல் அறுநூறு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இருக்கிறது. கருவின் தொடக்க வாரங்களில் சிறுநீரகங்கள் இரண்டும் இடுப்புக் குழிக்குள்ளே அருகருகே உருவாகின்றன. பின்னர் மேலே ஏறி விலாவை நோக்கிச் செல்கின்றன. ஏறும் முன்னே கீழ்முனைகள் ஒட்டிக்கொண்டால், ஒன்றாகவே ஏறவேண்டும். பெருநாடியின் முன்புறத்திலிருந்து குடலுக்குப் போகும் ஒரு கிளை வழியிலே கொக்கிபோல் நிற்கிறது. ஒட்டுப்பாலம் அதில் மாட்டிக்கொண்டு மேலே போகமாட்டாமல் அங்கேயே தங்கிவிடுகிறது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயைச் சிறுநீர்க்கான் என்று நம் நாட்டுப் பாடநூல்கள் அழைக்கின்றன. வட்டவளையில் இருந்துகொண்டு பார்த்தால் எவ்வளவு பொருத்தமான பெயர்! அந்தக் கான்களும் இவர்களுக்குப் பாலத்தின் முன்புறமாக வழிந்திறங்குகின்றன.

இவை எல்லாவற்றிலும் பெரிய இடர் வேறொன்று. இத்தகைய சிறுநீரகத்துக்குக் குருதி கொண்டுவரும் நாடிகள் இரண்டோடு நிற்பதில்லை. மூன்று, நான்கு, ஐந்து என்று இருக்கும். சில பெருநாடியிலிருந்தும், சில கால்களுக்குப் போகும் கிளைகளிலிருந்தும், சில வீங்கிய பையிலிருந்தே நேராகவும் புறப்படும். அறியாமல் ஒன்றை வெட்டிவிட்டால், அதை நம்பியிருந்த சிறுநீரகப் பகுதி மடிந்துபோகும்.

சீ.ரீ. கருவி 1971இல் லண்டனில்தான் முதன்முதலாக ஒரு நோயாளியைப் படம் பிடித்தது. அதற்கு முன் வைத்தியர்கள் பலருக்கு வயிற்றைத் திறந்தபின்புதான் இந்த லாடம் தெரியவரும். பாலத்தை வெட்டி இருபுறமும் ஒதுக்கிவிட்டு வேலை செய்தவர்கள் உண்டு. அதில் ஓர் ஆபத்து. வெட்டிய இடத்திலிருந்து சிறுநீர் கசிந்து புதிய துணிக்குழாயில் கிருமி பற்றினால், நோயாளி பிழைப்பதே அரிது. ஆகவே பாலத்தை வெட்டாமல் காப்பதே இன்றைய விருப்பம். அதற்கென்று ஒரு சுற்றுவழி இருக்கிறது. நோயாளியை வலப்பக்கமாகச் சாய்த்துக் கிடத்தி, இடப்பக்க விலாவின் கீழே வெட்டி, குடல்களை வைத்திருக்கும் உறையைத் திறக்காமலே அதனையும் சிறுநீரகத்தின் இடக்கையையும் சேர்த்து முன்னே தூக்கி, பின்புறமாகப் பெருநாடியை அடைகிறார்கள். முன்வாசலில் ஆள் படுத்திருந்தால் கொல்லைப்புறமாக வீட்டுக்குள் நுழைவதில்லையா, அதுபோல. வீக்கப் பையிலிருந்து புறப்படும் நாடிகளுள் பெரியவற்றை ஒரு சிறு வட்டத் துண்டோடு வெட்டியெடுத்து, புதிய குழாயில் துளையிட்டு அங்கே தைத்துவிடுவார்கள். அதுவரை சிறுநீரகம் பட்டினி கிடக்குமே என்று, குளிரூட்டிய திரவத்தை அதற்குள் செலுத்தி வைப்பார்கள். குளிர்ந்த திசு பட்டினியைச் சற்று நேரம் பொறுக்கும்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்களுக்கும் ஏறக்குறைய இதே சங்கடந்தான். அவர்களுடைய புதிய சிறுநீரகம் அடிவயிற்றில், காலுக்குப் போகும் நாடியிலிருந்து குருதி பெறுகிறது. மேலே கவ்வி போட்ட கணத்திலிருந்து அதற்குக் குருதி இல்லை. மேலிருந்து தற்காலிகமாக ஒரு மாற்றுக் குழாய் கட்டி அதற்கு ஊட்டுவதும் உண்டு.

வயிற்றை அறுக்காமலே இதைச் செய்ய முடியாதா என்று நேயர்கள் கேட்கலாம். முடியும். 1987இல் கார்கிவ் நகரில் நிக்கொலாய் வொலோடோஸ் மார்புப் பகுதிப் பெருநாடியிலும், 1990 செப்டம்பரில் ஆர்ஜென்டீனாவின் புவெனஸ் அயர்ஸ் நகரில் யுவான் பரோடி வயிற்றுப் பெருநாடியிலும் அதற்கு வழிகாட்டினார்கள். தொடையிடுக்கு நாடியின் வழியாக, மடித்த குடையைப்போல் ஒடுக்கி வைத்த துணிக்குழாயை மேலே செலுத்தி, உரிய இடத்தில் விரித்துவிடுவார்கள். உலோக வளையங்கள் விரிந்து கழுத்தின் உட்சுவரைப் பற்றிக்கொள்ளும். குருதி புதிய குழாய் வழியே போகும். வீக்கப் பை அழுத்தம் நீங்கி ஒதுங்கிவிடும். நோயாளி இரண்டு மூன்று நாளில் எழுந்து நடக்கலாம்.

ஆனால் இந்தக் குடைக்கு நல்ல பிடிப்பிடம் வேண்டும். கழுத்து பொதுவாக ஒன்று அல்லது ஒன்றரைச் சென்ரிமீற்றர் நீளமாவது இருக்கவேண்டும். அறுபது பாகைக்கு மேல் வளைந்திருத்தலாகாது. வீங்கும் பெருநாடி அகலத்தில் மட்டுமன்றி நீளத்திலும் வளர்கிறது. இடம் போதாமல் ஹட்டன் பாதைபோல் வளைந்து நெளிகிறது. அந்த வளைவில் வளையம் சரியாக ஒட்டாமல் இடுக்கு வழியே குருதி கசியும். தொடையிடுக்கிலிருந்து மேலே செல்லும் நாடி 7 மில்லிமீற்றருக்கும் ஒடுங்கியதாயின் குழாய் ஏறுவதே கடினம். சிறிய உடலுடைய பெண்களுக்கு இது பெருந்தடை. கழுத்தே இல்லாதவர்களுக்கு, சிறுநீரகக் கிளைகளுக்கு நேரே சன்னல் வெட்டிய குழாய்களைச் செய்கிறார்கள். அவரவர் சீ.ரீ. படத்தை அளந்து அவரவர்க்கென்றே தைக்கப்படும் சட்டை அது. செய்து வரப் பல வாரங்கள் செல்லும். விலையோ மிகப் பெரிது. உடைந்துவிட்ட வீக்கத்துக்கு அந்த வாரங்களை யார் தருவார்?

குதிரைலாடச் சிறுநீரகம் உடையவர்களுக்கு இந்த உள்வழிமுறை ஒருவகையில் வரப்பிரசாதம். பாலத்தைத் தொடவே வேண்டியதில்லை. ஆயினும் குழாய் விரிந்ததும் வீக்கப் பையிலிருந்து புறப்படும் மேலதிக நாடிகளின் வாய் மூடப்பட்டுவிடும். சிறிய நாடியானால் சிறுநீரகத்தின் ஒரு மூலை மட்டும் போகும். உடல் அதைத் தாங்கிக்கொள்ளும். பெரிய நாடியானால், அல்லது சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டிருந்தால், தாங்காது.

இரண்டில் எது மேல்? பிரித்தானியாவில் நெடுங்காலம் நடந்த ஓர் ஒப்பீட்டில், சிகிச்சை நடந்து முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் உள்வழிமுறையில் நூற்றுக்கு 1.7, வயிறு திறந்த முறையில் 4.7. அவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் தீர்ப்பு எளிது. ஆனால் பதினைந்து ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்டபோது, தொடக்கத்தில் இருந்த அந்த இலாபம் கரைந்துபோயிருந்தது. உள்வழிக் குழாய் நாளடைவில் நழுவலாம், கசியலாம், பழைய பை மீண்டும் பெருத்து உடையலாம். ஆதலால் அதை ஏற்றவர் வாழ்நாள் முழுவதும் குறித்த காலத்தில் ஸ்கான் எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

வட்டவளை முதியவரின் காரியம் இங்கேதான் சிக்கலாகிறது. ஒருநாள் கூலி போனால் அடுப்பு தணியும் வீட்டிலிருந்து, ஆண்டுதோறும் ஒருவர் துணையாக வந்து, மழையில் நனைந்து பஸ் ஏறி, கண்டிக்கோ கொழும்புக்கோ போய், வரிசையில் நின்று படமெடுத்து வரவேண்டும். முதல் ஆண்டு வருவார். இரண்டாம் ஆண்டும் வரக்கூடும். நோவு ஒன்றும் இல்லாதவர் ஐந்தாம் ஆண்டிலும் வருவார் என்று நம்பிக் குழாயைச் செலுத்துவது எளிதான முடிவன்று. இருதயமும் நுரையீரலும் இடங்கொடுத்தால், ஒருமுறை வயிற்றைத் திறந்து வேலையை முடித்துவிடுவதே இவரைப் போன்றவருக்கு மேல் என்று எண்ணும் வைத்தியர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அதில் உடன்பாடே. ஆனால் நாற்பது ஐம்பது ஆண்டுப் பீடிப் புகை படிந்த நுரையீரல் அதற்கு இடங்கொடுக்குமா என்பதை மூச்சுச் சோதனைதான் சொல்லவேண்டும். சத்திரசிகிச்சைக்குச் சில வாரங்களுக்கு முன்னதாகவே பீடியை முற்றாக நிறுத்திவிட்டால் அந்தச் சோதனைக்கும், பின்னால் வரும் இராத்திரிகளுக்கும் பெரிய துணை.

இந்த முடிவை வைத்தியர் தனியே எடுத்துவிடக் கூடாது. முதியவருக்குப் புரியும் தமிழில் படத்தைக் காட்டிச் சொல்லவேண்டும்: “உங்கட ரெண்டு சிறுநீரகமும் ஒட்டியிருக்கு தாத்தா, அதுக்குப் பின்னாலதான் வீக்கம் இருக்கு. இப்படிச் செஞ்சா இது நடக்கலாம், அப்படிச் செஞ்சா அது நடக்கலாம்.” கான் வெட்டிய மனிதருக்கு இது விளங்காமற் போகாது. கையெழுத்து வாங்குவதற்கு முன் மகனையும் மருமகளையும் அழைத்துப் பேசவேண்டும்.

தோட்டங்களில் இருப்போர் நினைவில் வைக்கவேண்டிய ஒன்றிரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். அறுபது வயதைக் கடந்த, புகைபிடித்த ஒருவருக்குத் திடீரென வயிற்றிலோ முதுகிலோ தாங்கமுடியாத நோவு கண்டு, வியர்த்துக்கொட்டி மயக்கம் வருமானால், அது சிறுநீரகக் கல்லின் நோவென்றோ வாயுவென்றோ எண்ணிச் சுக்குக் கசாயம் காய்ச்சிக்கொண்டிருக்கலாகாது. இடுப்புக்குப் பரவும் நோவு கல்லைப் போலவே இருக்கும். வைத்தியர்களே சில வேளைகளில் ஏமாந்துபோகிறார்கள். 1990 என்ற எண்ணை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். முதலில் போய்ச் சேரும் வைத்தியசாலை டிக்கோயாவோ நாவலப்பிட்டியோ, எதுவானாலும், ‘இவருக்குப் பெருநாடி வீக்கம் இருக்கிறது’ என்ற ஒரு சொல்லை முதல் ஆளிடமே சொல்லிவிட்டால், எத்தனையோ நிமிடங்கள் மிஞ்சும். உடல் அமைப்பில் வித்தியாசம் உண்டு என்று ஒருமுறை வைத்தியர் சொல்லியிருந்தால், அந்தத் துண்டையும் சீ.ரீ. படத்தையும் ரேசன் அட்டையைப் பாதுகாத்ததுபோல் பாதுகாத்துக் கையோடு கொண்டு போகவேண்டும். இருட்டில் வயிற்றைத் திறக்கும் வைத்தியருக்கு அதுதான் விளக்கு.

இங்கிலாந்தில் 65 வயதை எட்டும் ஒவ்வோர் ஆணுக்கும் வயிற்று ஸ்கானுக்கு வரும்படி கடிதம் போகிறது. 2009இல் தொடங்கிய திட்டம் அது. ஒருமுறை பார்த்து, பெருநாடி இயல்பான அளவில் இருந்தால் மறுமுறை அழைப்பதில்லை. பத்து நிமிடத்து வேலை. ஊசி இல்லை, நோவு இல்லை. நம் லயங்களுக்கு அப்படியொரு கடிதம் வருவதில்லை. நாமே போய்க் கேட்கவேண்டியிருக்கிறது. நம் முதியவருக்கு ஒரு தம்பி, பக்கத்து டிவிசனில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 65, அவரும் அண்ணனோடு சேர்ந்து பீடி பழகியவர்தாம். அண்ணனைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லும் அன்றைக்கு, அவரையும் அதே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகலாம்.